நோ மோர் என்று வந்த மெயில்

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் மூன்றாவது கடை பிரிஜாவுடையது. ஜெராக்ஸ், பிரிண்ட், பான் கார்டு, பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று போர்டில் வரிசையாக எழுதியிருக்கும். ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போர்டில் இல்லாத ஒரு வேலைக்காக வருவார்கள். அவர்களுக்கு இங்கிலீஷில் மெயில் எழுத வேண்டும்.

அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது கடலுக்கு அப்பால் வேலை பார்க்கிறார். கம்பெனிக்கு, ஏஜென்சிக்கு, தூதரகத்துக்கு என்று எழுத வேண்டியது ஏதாவது வந்துகொண்டே இருக்கும். பிரிஜா எழுதிப்போட்டால் பதில் வந்துவிடும் என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

அவளுடைய இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கருங்கல் பக்கத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். நாகர்கோவிலில் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம். மூன்று வருடமும் விடைகளை மனப்பாடம் செய்து தேறினாள். அதன் பிறகு இரணியலில் ஒரு வக்கீல் ஆபீசில் நான்கு வருடம் டைப் அடித்தாள். அங்கே பழைய ஃபைல்களில் இருந்த வாக்கியங்கள்தான் அவளுடைய இங்கிலீஷ். 'கைண்ட்லி டு த நீட்ஃபுல்' என்று முடித்தால் கேட்டது கிடைக்கும். 'ரிவர்ட் பேக்' என்று எழுதினால் பதில் போடுவார்கள். கல்லூரி முடித்தவன் 'பாஸ்டு அவுட்'. ஊரில் இல்லாதவர் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்'. இறந்தவர் 'எக்ஸ்பயர்டு'. பன்னிரண்டு வருடம் கடை நடத்தியதில் இவற்றைக் குறித்து ஒருவரும் குறை சொன்னதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை காலையில் ஃபாஸிலா வந்தாள். பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் வீடு. அவள் கணவன் அனஸ் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வாட்ஸப்பில் கூப்பிடுகிறவன். ஒன்பது நாளாகக் கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டால் போன் சுவிட்ச் ஆஃப்.

"கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கக்கா. ஆளு எங்கன்னு மட்டும் கேட்டாப் போதும்" என்றாள்.

பிரிஜா வழக்கம்போல எழுதினாள். என் கணவர் ஒன்பது நாட்களாகப் போனை எடுக்கவில்லை, ஆவன செய்து பதில் தரவும். இரண்டே வரி. அனஸின் விசா நகலில் இருந்த கம்பெனி மெயில் முகவரிக்கு அனுப்பினாள்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பதில் வந்தது. ஃபாஸிலா கடையில்தான் இருந்தாள். மதியத்திலிருந்து அவள் வந்து கேட்பது அது மூன்றாவது தடவை. பிரிஜா மெயிலைத் திறந்து வாசித்தாள்.

'வி ரெக்ரெட் டு இன்ஃபார்ம் யூ தட் மிஸ்டர் அனஸ் இஸ் நோ மோர் வித் அஸ்.'

அடுத்த வரியில், அவருடைய சாமான்கள் கேம்ப் ஆபீசில் இருக்கின்றன, யாரையாவது அனுப்பிச் சீக்கிரம் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யவும் என்று இருந்தது. கடைசி வரி, கைண்ட்லி டு த நீட்ஃபுல்.

பிரிஜாவின் கை மவுஸ் மேல் அப்படியே இருந்தது. திரையில் கணவனின் பேர் இருப்பது ஃபாஸிலாவுக்குத் தெரிந்தது. "என்னக்கா எழுதியிருக்காவ?"

"நெட்டு சரியில்ல மக்கா. முழுசா தெறக்கல்ல. நீ வீட்டுக்குப் போ, நான் போன்ல சொல்லுதேன்."

அவள் சந்து முனையைத் தாண்டிய பிறகு பிரிஜா அனஸின் அண்ணன் மைதீன் கனிக்குப் போன் செய்தாள். மார்க்கெட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கிறவர், அண்ணன் முறையில் எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிறவர். பத்து நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்தார். கடைக்குள் வந்து, உட்காராமல், திரையைப் பார்த்து நின்றார்.

"எனக்கு இது ஓடாது பிள்ளே. என்ன போட்டிருக்கான்?"

"மௌத்தாயிட்டாருன்னு போட்டிருக்கு காக்கா."

இறந்துவிட்டார் என்று அப்படியே சொன்னாள். என்று நினைக்கிறேன் என்றோ, என்று தெரிகிறது என்றோ சொல்லவில்லை. பின்னால் எத்தனையோ தடவை அவள் நினைத்துப் பார்த்தது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். அவள் வாயிலிருந்து வந்த தமிழ் அது, அதில் பிழை எதுவும் இல்லை.

இருட்டுவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. அழுகைச் சத்தம் மெயின் ரோடு வரை கேட்டதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி ஆள் வந்தது. பிரிஜா போனாள். அனஸின் உம்மா சுலைகா பீவி சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"மோளே, எப்படியாக்கும் மௌத்தானான்? தீனமா? கரண்டு அடிச்சா? அதுல என்ன எழுதியிருக்கு?"

பிரிஜா காகிதத்தைப் பார்த்தாள். "அது ஒண்ணும் எழுதல்ல உம்மா."

"எந்நைக்கு?"

"தேதியும் இல்ல."

மைதீன் கனி வாசலிலிருந்து கேட்டார். "பாடி எப்போ அனுப்புவாவன்னு?"

அதுவும் இல்லை. இறந்தவனைப் பற்றி எழுதியவர்கள் சாமானைப் பற்றி மட்டும் ஏன் எழுதினார்கள் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. பட்டதை அவள் வெளியே சொல்லவில்லை. கம்பெனிக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. அங்கே போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மைதீன் கனி தூதரகத்தின் அவசர எண்ணைப் பிடித்தார். அப்படி ஒரு மரணம் தங்களிடம் பதிவாகவில்லை, ஆனால் கம்பெனி தகவல் தராமல் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள் என்றார்கள். பள்ளிவாசலில் விசாரித்ததற்கு, சரியான தகவல் வரட்டும், அதற்குள் இறந்தவருக்கான தொழுகை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வந்தவர்களுக்கு அழுவதா, காத்திருப்பதா என்று தெரியவில்லை. சிலர் எழுந்து போனார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள்.

அறைக்குள் ஃபாஸிலா காதுக் கம்மலைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிரிஜா அவளைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

கடையைத் திறந்து, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு, 'நோ மோர்' என்ற அந்த இரண்டு வார்த்தைகளையும் இணையத்தில் தேடினாள். இங்கிலீஷில் அடிக்கடி தவறாகச் சொல்லப்படும் சொற்றொடர்கள் என்று ஒரு பக்கம் வந்தது. இடது பக்கம் தவறு, வலது பக்கம் சரி. ஒருவர் 'நோ மோர்' என்றால் அவர் இறந்துவிட்டார். ஒரு இடத்தில் இப்போது இல்லை என்றால் 'நோ லாங்கர்' என்று சொல்ல வேண்டும். இதோடு நிறுத்தியிருந்தால் அவளுக்குத் தெளிவாகியிருக்கும். கீழே ஒரு குறிப்பு இருந்தது. 'நோ லாங்கர் வித் அஸ்' என்று சொன்னாலும் இறந்ததாகப் பொருள்படலாம், இடத்தைப் பொறுத்து. அப்படியானால் சரியான இங்கிலீஷில் எழுதியிருந்தாலும் இதே குழப்பம்தானா?

பட்டியல் அதோடு முடியவில்லை. 'ரிவர்ட் பேக்' தவறு. 'டிஸ்கஸ்' என்ற பிறகு 'அபௌட்' வரக் கூடாது. ஒன்பது நாட்களாக என்பதற்கு 'சின்ஸ்' போடக் கூடாது, 'ஃபார்' போட வேண்டும். 'பாஸ்டு அவுட்' என்றால் மயங்கி விழுந்தான் என்று அர்த்தம். இடது பக்கத்தில் இருந்தவை எல்லாம் அவளுடைய வாக்கியங்கள். எத்தனை பிள்ளைகள் எந்தெந்த வருடம் எந்தெந்தக் கல்லூரியில் மயங்கி விழுந்ததாக எழுதியிருக்கிறாள். அப்படியிருந்தும் அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் வேலை கிடைத்ததே, அது எப்படி?

சித்தி மகன் ஜினோ பெங்களூரில் வெளிநாட்டுக் கஸ்டமர்களிடம் பேசுகிற வேலையில் இருந்தான். அவனுக்கு மெயிலை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"இங்கிலீஷாப் பாத்தா ஆளு போயாச்சு அக்கா" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "எழுதினது யாரு? வெள்ளைக்காரனா, நம்ம ஆளா?" என்று கேட்டான்.

"பேரு இல்ல. ஹெச்.ஆர். டிபார்ட்மெண்டுன்னு மட்டும் இருக்கு."

"அப்போ சொல்ல முடியாது. நம்ம ஆளுன்னா எதையும் எழுதுவான்."

அன்றும் மறுநாள் காலையும் அவள் அந்த மெயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் வாசிப்பதை விட்டு, எழுதிய ஆளை நினைக்கத் தொடங்கினாள். 'டு த நீட்ஃபுல்' என்று முடித்திருக்கிறான். 'அட் தி எர்லியஸ்ட்' என்று போட்டிருக்கிறான். சாமான்களை இரண்டாம் தடவை சொல்ல 'தி சேம்' என்கிறான். இது வெள்ளைக்காரன் எழுதியது இல்லை. இது அவள் எழுதியது மாதிரியே இருந்தது. அவள் படித்த அதே ஃபைல்களை அவனும் எங்கோ படித்திருக்க வேண்டும்.

தான் அனுப்பிய பழைய மெயில்களில் 'நோ மோர்' என்று தேடினாள். இருபத்து மூன்று வந்தன. அவற்றில் ஒன்று, மூன்று வருடம் முன்பு குளோரி என்ற பெண்மணி வீடு மாறியதற்காக ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கு எழுதியது. திருமதி குளோரி மேற்படி முகவரியில் நோ மோர். குளோரி தினமும் காலையில் இதே சந்து வழியாக மீன் கூடையோடு போகிறார். இன்னொன்று வேலையை விட்ட ஒரு ஆசிரியை பற்றியது. இருபத்து மூன்றில் இரண்டு பேர்தான் உண்மையாகவே இறந்தவர்கள்.

சனிக்கிழமை மதியம் அவள் ஃபாஸிலா வீட்டுக்குப் போனாள். எப்படிச் சொல்வதென்று வழி நெடுகத் தயார் செய்தது அவள் முகத்தைக் கண்டதும் மறந்துபோனது.

"மக்கா, அந்த மெயிலுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. வேலைய விட்டுட்டுப் போயிட்டாருன்னும் வச்சுக்கலாம். எனக்கு அப்படித்தான் தோணுது."

ஃபாஸிலா நிமிர்ந்து பார்த்தாள். "முந்தாநாத்து நீங்கதானே சொன்னிய."

"நான் வாசிச்சது தப்புன்னு நெனைக்கேன்."

"நெனைக்கியளா, தெரியுமா?"

ஃபாஸிலா மூடியிருந்த கையை விரித்தாள். கம்மல் இன்னும் அங்கேதான் இருந்தது. "அப்போ நான் இத போடவா, போடாண்டாமாக்கா? வாறவங்க எல்லாம் எனக்க காதத்தான் பாக்காவ. எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல."

"எனக்கும் தெரியல்ல மக்கா" என்றாள் பிரிஜா.

அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுலைகா பீவி, அழுத கண்ணோடு, "இருக்கான்னு ஒரு வாய் சொல்லு மோளே, பொய்யானாலும் நாளைக்கு வர இருந்துட்டுப் போறேன்" என்றார். பிரிஜா சொல்லவில்லை. ஒரு தடவை உறுதியாகச் சொல்லி வந்த வினை போதும் என்றிருந்தது.

கடைக்குத் திரும்பி இன்னொரு மெயில் எழுதினாள். மரியாதை வார்த்தைகள் எதையும் போடவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதுவது மாதிரி எழுதினாள். அனஸ் உயிரோடு இருக்கிறாரா? வேலையை விட்டுவிட்டாரா? இறந்துவிட்டாரா? தயவுசெய்து இந்த மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். அவர் மனைவி அழுதுகொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனைக்குப் போகாமல் கடையில் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரை மணிக்குப் பதில் வந்தது. மேடம், 'ஹி இஸ் அலைவ் ஒன்லி.' அவர் ராஜினாமா செய்து வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். குழப்பத்துக்கு மன்னிக்கவும்.

அந்த 'ஒன்லி'யைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அப்படி எழுதுகிறவன் நம்ம ஆள்தான். அவன் உயிரோடு என்றால் உயிரோடுதான். கடையைப் பூட்டாமலே ஓடினாள்.

வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சுலைகா பீவி இரண்டு கையையும் மேலே தூக்கி என்னவோ ஓதினார். ஃபாஸிலா மட்டும் அசையவில்லை.

"தாளுல எழுதி வாறத இனி நான் நம்ப மாட்டேன் அக்கா. எனக்கு அவருக்க சத்தம் கேக்கணும்."

செவ்வாய்க்கிழமை மாலைதான் அந்தச் சத்தம் கேட்டது. தெரியாத ஒரு எண்ணிலிருந்து அனஸ் கூப்பிட்டான். மேற்பார்வையாளரோடு வாய்த்தகராறு, வேலையை விட்டுவிட்டான். கம்பெனி கொடுத்த சிம்மைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு தூரத்தில் துக்ம் என்ற ஊருக்குப் புது வேலைக்குப் போய்விட்டான். புது சிம் வாங்க அடையாள அட்டை மாறி வர வேண்டும். அடுத்தவன் போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வேலையை விட்டதைச் சொன்னால் உம்மாவும் பெண்டாட்டியும் ஏசுவார்கள், புது வேலை உறுதியானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல ஃபாஸிலா ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "நீங்கதானா?" பிறகு போனை மாமியிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றும் மறுநாளும் அவள் அவனோடு பேசவில்லை. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பதினஞ்சு நாள் கூப்பிடாததற்கு இவ்வளவு கோபமா என்று அண்ணனிடம் கேட்டான். அவன் இறந்துபோன கதையை மைதீன் கனிதான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

மைதீன் கனி பிரிஜாவின் கடைக்கும் வந்தார். சத்தம் போடவில்லை. "எனக்க உம்மாக்கு எழுபத்தி மூணு வயசு பிள்ளே" என்று மட்டும் சொன்னார். "தப்பு எனக்க மேலதான் காக்கா" என்றாள் அவள். எழுதினவன் மேலேயும் இருக்கிறது என்று சொல்ல நினைத்தாள். ஆனால் அவனிடம் போய் யார் கேட்பது?

அதற்குப் பிறகு பிரிஜா சரியான இங்கிலீஷ் எழுதுவது என்று முடிவு செய்தாள். அந்த இணையப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டினாள். ஒவ்வொரு வரியையும் அதில் சரிபார்த்துத்தான் அனுப்பினாள். முன்பு பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு அரை மணி நேரம் ஆனது. மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. நான்காவது வாரம் ஜின்சி என்ற நர்ஸ் பெண் வந்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு ஏஜென்சியில் நேர்முகத் தேர்வு. தேர்வு வைத்திருக்கும் பதினெட்டாம் தேதியே அவள் தங்கைக்கு ஒத்துக்கல்யாணம், அதாவது நிச்சயதார்த்தம், அதனால் ஒரு வாரம் முன்னதாக வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பிரிஜாவின் கை 'ப்ரீபோன்' என்று அடித்துவிட்டது. பட்டியலைப் பார்த்தாள். அது தவறு, 'பிரிங் ஃபார்வர்ட்' என்பதே சரி. மாற்றி எழுதினாள். ஒரு வாரம் பிரிங் ஃபார்வர்ட் செய்யவும். அப்படியே ஆகட்டும் என்று பதில் வந்தது.

ஜின்சி பதினோராம் தேதி காலை முதல் பஸ் பிடித்துப் போனாள். இன்றைக்கு உங்களுக்கு ஒன்றும் இல்லையே என்றார்கள். அவர்கள் இருபத்தைந்தாம் தேதிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பிரிஜா போன் செய்து கேட்டதற்கு அங்கே இருந்த பெண் நிதானமாகச் சொன்னாள். "ஃபார்வர்ட்னா தள்ளி வைக்கதுன்னுதானே மேடம் நாங்க எடுத்தோம். நீங்க ப்ரீபோன்னு எழுதியிருந்தா எல்லாருக்கும் மனசிலாயிருக்கும்."

போனை வைத்துவிட்டுப் பிரிஜா ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தாள். தப்பாக எழுதினால் புரிகிறது. சரியாக எழுதினால் புரிவதில்லை. தப்பைச் சரியாக வாசித்தால் உயிரோடு இருப்பவன் இறந்துபோகிறான். வாசிக்கிறவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் எந்த இங்கிலீஷில் எழுதுவதென்று முடிவு செய்யலாம். அது யாருக்குத் தெரியும்? ஜின்சி இருபத்தைந்தாம் தேதி போய்த் தேர்வாகிவிட்டாள் என்பதில் மட்டும் ஒரு ஆறுதல்.

நான்கு மாதம் கழித்து ஃபாஸிலா மறுபடி கடைக்கு வந்தாள். காதில் கம்மல் இருந்தது. மகளுக்குப் பள்ளியில் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

"எழுதுங்கக்கா" என்றாள். "ஆனா எழுதினது என்னன்னு எனக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டணும். ஒவ்வொரு வரியா."

பிரிஜா வாசித்துக் காட்டினாள். காட்டும்போதே இரண்டு இடத்தில் தான் எழுதியது என்னவென்று தனக்கே தெரியவில்லை என்பது தெரிந்தது. அந்த இரண்டு வரியையும் அழித்தாள். அன்றிலிருந்து யார் வந்தாலும் அப்படித்தான். முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கிறாள். சொல்ல முடிந்ததை மட்டும் இங்கிலீஷில் எழுதுகிறாள். தேதி என்றால் ஒரு வாரம் முன், பின் என்று எழுதுவதில்லை, பதினொன்று என்று எண்ணைப் போட்டுவிடுகிறாள். மெயில்கள் சின்னதாகிவிட்டன. பெரிசாக எழுதினால்தான் மதிப்பு என்று நினைக்கிற சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

போன மாதம் கடியபட்டணத்திலிருந்து ஷெர்லி என்ற பெண் வந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவர் குவைத்தில் வெல்டர், லீவில் வந்த இடத்தில் நெஞ்சுவலி. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். மரணச் சான்றிதழின் நகலை மேசை மேல் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரிஜா கீபோர்டில் கை வைத்தாள். 'எக்ஸ்பயர்டு' என்பது மருந்துக்கும் விசாவுக்கும் சொல்வது என்று பட்டியலில் இருக்கிறது. இந்த மனிதரின் விசாவும் அடுத்த மாதம் முடிகிறது, அப்படி எழுதினால் எதைச் சொல்கிறோம் என்று அவர்கள் நினைப்பார்கள்? 'நோ மோர்' என்று எழுத அவளால் முடியாது. மென்மையாகச் சொல்கிற 'பாஸ்டு அவே' என்று ஒன்று இருக்கிறது, அதையும் யாராவது பரீட்சையில் தேறினார் என்று எடுத்துக்கொண்டால்?

"என்னக்கா, எழுத முடியாதா?" என்று கேட்டாள் ஷெர்லி.

"எழுதிரலாம். அவரு மரிச்சுட்டாரு, அத அப்படியேதான் எழுதப் போறேன். உனக்குப் பரவாயில்லியா?"

"அதுதானேக்கா நடந்திச்சு."

பிரிஜா அந்தச் சின்ன வார்த்தையை அடித்தாள். 'டைடு'. இத்தனை வருடம் வக்கீல் ஆபீஸ் பழக்கத்தில் இறந்ததைச் சொல்லும் எந்த வார்த்தைக்கும் முன்னால் ஒரு 'வாஸ்' போட்டுக்கொண்டிருந்தாள். அதை அழித்தாள். 'ஹேஸ்' என்று போட்டுப் பார்த்தாள். தேதி போட்டால் 'ஹேஸ்' வரக் கூடாது என்று எங்கோ வாசித்த நினைவு. அதையும் அழித்தாள். ஒன்றும் இல்லாமல் அந்த வார்த்தை மட்டும் நின்றபோது, ஏதோ விட்டுப்போன மாதிரி அவளுக்குத் தோன்றியது. அதை அப்படியே விட்டுவிட்டு, ஷெர்லிக்கு அந்த வரியைத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.